கீழே இருப்பவரின் அனுமதி

பிறநாடு ஒன்றுக்குச் செல்பவன் அந்நாட்டுச் சட்டங்களுக்கு அமைந்து நடக்க வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. ஆனால், சட்டத்துக்கு அமைந்து நடந்துவிட்டால் அவனுடைய கடமை அத்துடன் தீர்ந்துவிடுகின்றதா? அரசாங்கத்திடம் பெற்ற அனுமதி அந்நாட்டு மக்களிடம் பெற்ற அனுமதியாகவும் ஆகிவிடுமா? இந்தக் கேள்வியை என் மனத்தில் எழுப்பியது ஒரு சிறு யந்திரம். உல்லாசப் பயணிகள் இன்று தம் பைகளுக்குள் மடித்து வைத்துக் கொண்டுவருகின்ற ட்ரோன் என்னும் ஆளில்லாப் பறப்பு யந்திரத்தையே குறிப்பிடுகின்றேன்.

ஒரு சனிக்கிழமை காலை, பத்தாந் தர மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு தொண்டைமானாற்றுக்குச் சென்றிருந்தேன். ஊர்ப்பெயர்களைப் பற்றிய ஒப்படை ஒன்றை அவர்கள் எழுத வேண்டியிருந்தது. கலிங்கத்துப்பரணி கொண்டாடும் சோழர் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான், உப்பை மரக்கலங்களில் ஏற்றிச் செல்வதற்காக இவ்வாற்றைத் தோண்டுவித்தான் என்பது வழிவழியாக வரும் செய்தி. அதனை நீரேரியின் கரையிலேயே நின்று சொல்லிக் கொடுப்பது பொருத்தமென்று எண்ணினேன்.

நான் கதையை முடிக்கவில்லை. தலைக்கு மேலே ஓர் இரைச்சல் கேட்டது. மாணவரின் கண்கள் எல்லாம் வானத்தை நோக்கின. ஐரோப்பிய இளைஞர் ஒருவர் பாலத்தடியில் வாடகை வாகனத்தை நிறுத்திவிட்டு ட்ரோனைப் பறக்க விட்டுக்கொண்டிருந்தார். இடுப்பளவு நீரில் நின்று வீச்சுவலை எறிந்துகொண்டிருந்தவர்களின் மேலாக அது சென்றது. தடுப்பணையின் கதவுகளைச் சுற்றியது. பின்னர் செல்வச்சந்நிதி முருகன் கோவிலை நோக்கித் தாழ்ந்தது. அங்கே ஆற்றில் முழுகி எழுந்த பெண்கள் ஈரச் சேலையுடன் படியேறிக்கொண்டிருந்தனர். அவர்களுள் ஒருத்தி இரு கைகளாலும் மார்பை மூடிக்கொண்டு மீண்டும் நீருக்குள் அமர்ந்ததை என் கண்ணாரக் கண்டேன்.

வீதியோரத்தில் கச்சான் விற்கும் மூதாட்டி ஒருவர் தம் பேரனை இழுத்துப் படங்குக்குக் கீழே தள்ளினார். பிறகு என்னைப் பார்த்துக் கூப்பிட்டார்:

“தம்பி, உது வண்டெல்லே? பிள்ளையளை உள்ளுக்கை வரச் சொல்லு!”

வண்டு! வன்னியில் 2009 வரை வாழ்ந்தவர்களுக்கு இச்சொல்லை விளக்க வேண்டியதில்லை. வேவு பார்ப்பதற்காக அரசாங்கப் படையினர் பறக்கவிட்ட ஆளில்லா விமானத்துக்கு அம்மக்கள் இட்ட பெயர் அது. வண்டு சுற்றிவிட்டுப் போனால் பின்னால் செல் வரும். அல்லது கிபீர் வரும். ஆகவே, அந்த இரைச்சலைக் கேட்டதும் பதுங்குகுழிக்குள் இறங்குவது அவர்களின் உடம்பிலேயே ஊறிப்போன பழக்கமாயிற்று. யுத்தம் முடிந்து ஆண்டுகள் பல கடந்தும் அம்மூதாட்டியின் உடம்பு அதனை மறக்கவில்லை.

அந்த இளைஞரோ தீயவர் அல்லர். மாணவர்கள் ஆவலோடு சூழ்ந்துகொண்டபோது முகம் மலர்ந்து, கையிலிருந்த சிறு திரையை அவர்களுக்குக் காட்டினார். உண்மையைச் சொன்னால் நானும் எட்டிப் பார்த்தேன். நீரேரி நீலமும் பச்சையுமாக விரிந்து கிடந்தது. நான் நாள்தோறும் கடந்து செல்லும் ஊர் இத்தனை அழகானதா என்று வியந்தேன். அப்பொழுது மாணவி ஒருத்தி என் அருகில் வந்து மெல்லிய குரலில் கேட்டாள்:

“சேர், அதைப் பலாலிப் பக்கம் திருப்பச் சொல்லுங்கோ. எங்கடை அம்மம்மான்ரை வளவு அங்கைதான் இருக்கு. நான் ஒருநாளும் கண்டதில்லை.”

1990ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கிலிருந்து மக்கள் வெளியேறியபோது அவளுடைய தாய் கைக்குழந்தை. பலாலி விமானத் தளத்தைச் சுற்றி உயர்பாதுகாப்பு வலயமாக்கப்பட்ட காணிகளுள் ஒரு பகுதி பின்னர் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டது. அவர்களுடைய வளவு விடுவிக்கப்பட்டவற்றுள் இல்லை. நான் அவளிடம், “வேண்டாம் பிள்ளை, சத்தம் போடாதே” என்றேன். அதைச் சொல்லும்போது என் குரலில் இருந்தது அச்சம் என்பதை அவள் அறிந்திருப்பாள்.

சிறிது நேரத்தில் சீருடை அணிந்த இருவர் வந்தனர். யந்திரத்தை இறக்கச் சொன்னார்கள். இளைஞர் உடனே இறக்கி, தம் கடவுச்சீட்டையும் சில கடிதங்களையும் நீட்டினார். அவை மரியாதையுடன் திருப்பிக் கொடுக்கப்பட்டன. அதன்பின் அவர்கள் சாரதியிடம் சென்றார்கள். வாகனத்தின் இலக்கமும் அவருடைய அடையாள அட்டையின் இலக்கமும் குறிக்கப்பட்டன. எங்கே வீடு, யார் அழைத்து வந்தது, இதற்கு முன் யாரைக் கொண்டு திரிந்தாய் என்ற கேள்விகள் நீண்டன. இளைஞர் வாகனத்துக்குள் அமர்ந்து தாம் எடுத்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீடு திரும்பும் வழியில் அம்மாணவி மறுபடியும் கேட்டாள்: “சேர், அவர் எங்கடை ஊரைப் பாக்கலாம், நாங்கள் எங்கடை வீட்டைப் பாக்கேலாதோ?” அன்று நான் விடை சொல்லவில்லை. இக்கட்டுரை அவளுக்குக் கடன்பட்ட விடை.

★

முதலில் சட்டம் சொல்வதைப் பார்ப்போம். 1944ஆம் ஆண்டு சிக்காகோ நகரில் நிறைவேறிய சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் முதலாம் உறுப்புரை, ஒவ்வோர் அரசுக்கும் தன் நிலப்பரப்பின் மேலுள்ள வான்பரப்பில் முழுமையான, தனியுரிமையான இறைமை உண்டு என்கின்றது. அதே உடன்படிக்கையின் எட்டாம் உறுப்புரை, விமானி இல்லாமல் பறக்கவல்ல எந்த வானூர்தியும் ஓர் அரசின் விசேட அனுமதியின்றி அந்நாட்டின் மேலே அவ்வாறு பறத்தலாகாது என்கின்றது. உல்லாசப் பயணியின் கைப்பைக்குள் அடங்கும் யந்திரம் பிறப்பதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்னரே அதற்குரிய விதி எழுதப்பட்டுவிட்டது என்பது வியப்பூட்டும் செய்தி.

இலங்கையில் 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சிவில் விமானச் சட்டத்தின் கீழ், சிவில் விமான சேவைகள் அதிகார சபை இதற்கான விதிகளை வகுத்திருக்கின்றது. யந்திரங்கள் எடையை வைத்து வகுக்கப்படுகின்றன. வெளிநாட்டவர் ஒருவர் இங்கே ட்ரோன் பறக்கவிட விரும்பினால் அதிகார சபையின் அனுமதியோடு பாதுகாப்பு அமைச்சின் அனுமதியையும் பெற வேண்டும். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பின்னர், அதே மாதம் 25ஆம் திகதி, நாட்டில் ட்ரோன்கள் பறப்பது முற்றாக நிறுத்தப்பட்டதும் உண்டு. அத்தடை பின்னர் நீக்கப்பட்டது. இந்தியாவோ 2022 பெப்ரவரியில் ஆய்வு, பாதுகாப்பு போன்ற சில தேவைகளுக்கன்றி வெளிநாட்டு ட்ரோன்களின் இறக்குமதியையே தடைசெய்தது. மொரோக்கோவுக்குக் கொண்டு செல்பவரின் யந்திரம் சுங்கத்திலேயே தடுத்து வைக்கப்படும்.

இவ்விதிகளை வீண் கெடுபிடி என்று ஒதுக்கிவிட முடியாது. 2018 டிசம்பரில் லண்டன் கற்விக் விமான நிலையத்துக்கு அருகில் ட்ரோன் காணப்பட்டதாக வந்த செய்தியால் ஏறத்தாழ 1,000 விமானப் பறப்புகள் குழம்பின. 1,40,000 பயணிகள் அவதியுற்றனர். தொண்டைமானாற்றிலிருந்து சில கிலோமீற்றர் தொலைவிலேயே பலாலியில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் 2019 ஒக்டோபரில் திறக்கப்பட்டது. மனிதரை ஏற்றிவரும் விமானம் இறங்கும் பாதையில் விளையாட்டு யந்திரம் குறுக்கிடலாகாது. அந்த விதியைக் காப்பது மனித உயிரைக் காப்பதாகும். அதில் வெளிநாட்டவர், உள்நாட்டவர் என்ற பேதமும் தேவையில்லை.

ஆனால், விதிகளைக் கூர்ந்து படிக்கும் ஒருவன் அவை கேட்கும் கேள்விகளையும், கேளாமல் விட்ட கேள்விகளையும் ஒருங்கே கவனிக்க வேண்டும். நீ யார்? எந்த நாட்டவன்? உன் யந்திரத்தின் எடை என்ன? எந்த முகாமுக்கு, எந்த விமான நிலையத்துக்கு அருகில் பறக்கப் போகிறாய்? இவை அரசு தன்னைக் காத்துக்கொள்வதற்குக் கேட்கும் கேள்விகள். கீழே இருப்பவர் யார்? அவரைக் கேட்டாயா? அவர் வேண்டாமென்றால் என்ன செய்வாய்? இவற்றைக் கேட்பவர் யார்? ஈரச் சேலையோடு நீருக்குள் அமர்ந்த பெண்ணுக்கு அக்கடிதங்களில் எவர் பொறுப்பேற்றார்? கொழும்பிலுள்ள அமைச்சொன்று அவளுடைய சார்பில் அனுமதி வழங்கியதென்றால், அவ்வுரிமையை அமைச்சுக்கு அவள் எப்பொழுது கொடுத்தாள்?

இதனைக் கற்பனைக் கேள்வி என்று கருத வேண்டாம். 1946ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் உயர் நீதிமன்றத்தின் முன் வட கரோலைனா மாநிலத்துக் கோழிப் பண்ணையாளர் ஒருவரின் வழக்கு வந்தது. இராணுவ விமானங்கள் கூரையை உரசுவதுபோல் தாழப் பறந்தமையால் கோழிகள் வெருண்டு சுவரில் மோதி மாண்டன. குடும்பத்தினர் உறக்கம் இழந்தனர். நிலத்துக்கு உரியவனுக்கே ஆகாயம் முழுவதும் சொந்தம் என்ற பழைய கொள்கை விமான யுகத்துக்குப் பொருந்தாது என்று கூறிய நீதிமன்றம், எனினும் நிலத்தை அனுபவிப்பதற்கு இன்றியமையாத தாழ்ந்த வான்பரப்பில் அவனுக்கு உரிமை உண்டென்று ஏற்றுக்கொண்டது. சொத்துரிமையின் மொழியிலேயே அத்தீர்ப்பு பேசியது என்பது மெய்தான். காணி உறுதி இல்லாத மீனவனுக்கும் கச்சான் விற்கும் மூதாட்டிக்கும் அத்தீர்ப்பால் பயன் விளையாது. ஆயினும், தலைக்கு மேலே நடப்பதைப் பற்றிச் சொல்லக் கீழே இருப்பவனுக்கும் ஒரு சொல் உண்டு என்பது அங்கே ஒப்புக்கொள்ளப்பட்டது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020ஆம் ஆண்டின் இறுதி நாள் முதல் நடைமுறைக்கு வந்த பொது விதிகளில் கவனிக்கத்தக்க ஓர் அம்சம் உண்டு. 250 கிராமுக்குக் குறைந்த யந்திரமாயினும், விளையாட்டுப் பொருளாக அன்றி, மனிதரைப் படம்பிடிக்கும் கமரா பொருத்தப்பட்டிருந்தால் அதனை இயக்குபவர் தம்மைப் பதிவுசெய்ய வேண்டும். அதாவது, விழுந்தால் எவ்வளவு காயம் உண்டாகும் என்பதோடு, பார்த்தால் எவ்வளவு காயம் உண்டாகும் என்பதையும் அவ்விதி எண்ணிப் பார்க்கின்றது. தம் நாட்டில் அயலவனின் முற்றத்தைப் படம்பிடிக்கத் தயங்கும் ஒருவர், நம் நாட்டுக்கு வந்ததும் அத்தயக்கத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வருவாரானால் அதன் பொருள் என்ன? இங்கே வாழ்பவர்கள் அவருடைய கண்ணுக்கு அயலவராகத் தோன்றவில்லை. காட்சியின் ஒரு பகுதியாகவே தோன்றுகின்றனர் என்பதன்றி வேறென்ன?

★

மேலிருந்து பார்க்கும் பார்வை என்றும் வெறும் பார்வையாக இருந்ததில்லை. போர்த்துக்கேயரும் அவர்களுக்குப் பின் ஒல்லாந்தரும் யாழ்ப்பாணத்துக் காணிகளைத் தோம்புகளில் பதிந்தார்கள். இன்னின்னாருக்கு இவ்வளவு நிலம், இத்தனை பனை என்று எழுதியது அம்மக்களின் வாழ்வை அறியும் ஆசையினால் அன்று, வரி அறவிடுவதற்காகவே. பிரித்தானியர் இலங்கையில் நில அளவைத் திணைக்களத்தை நிறுவியது 1800ஆம் ஆண்டில். தீவு முழுவதும் அவர்கள் கைக்கு வந்தது அதற்குப் பதினைந்து ஆண்டுகளின் பின்னர். ஆள்வதற்கு முன் அளந்தார்கள். அளக்கப்பட்டவனிடம் எவரும் கேட்கவில்லை.

இன்றைய அரசுகளும் இப்பழக்கத்தைக் கைவிடவில்லை. 2020ஆம் ஆண்டின் இறுதியில் கொரோனாத் தொற்றின்போது, கொழும்பின் முடக்கப்பட்ட பகுதிகளில் வீட்டைவிட்டு வெளியே வந்தவர்களைக் கண்டுபிடிப்பதற்கு விமானப்படையின் ட்ரோன்கள் பயன்படுத்தப்பட்டன. நெருக்கமான தோட்ட வீடுகளில் மூச்சுவிடவும் இடமின்றி அடைபட்டிருந்த ஏழைகள் வானத்திலிருந்து பிடிபட்டார்கள். தனியார் ட்ரோன் பறக்கவிடுவதற்கு எத்தனையோ கடிதங்கள் வேண்டும். அரசு மக்களின் மேலே பறக்கவிடுவதற்கு மக்களிடமிருந்து ஒரு கடிதமும் வேண்டியதில்லை! ஆகவே, ட்ரோனைக் கட்டுப்படுத்தும் விதி என்றவுடன் அது மக்களைக் காக்கும் விதி என்று நாம் ஏமாந்துவிடலாகாது.

அந்தச் சாரதியையும் நினைத்துப் பார்ப்போம். 2017 ஒக்டோபர் 27ஆம் திகதி மியன்மாரின் தலைநகர் நேப்பிடோவில், பாராளுமன்றக் கட்டடத்துக்கு அருகே ட்ரோன் பறக்கவிட முயன்றமைக்காக நால்வர் கைதுசெய்யப்பட்டனர். இருவர் துருக்கிய அரசுத் தொலைக்காட்சிக்காகச் சென்ற வெளிநாட்டு ஊடகவியலாளர். ஒருவர் அவர்களுக்கு மொழிபெயர்த்த மியன்மார் நாட்டவர். நான்காமவர் வாகனம் ஓட்டியவர். பிரித்தானியர் காலத்து 1934ஆம் ஆண்டு வானூர்திச் சட்டத்தின் கீழ் நால்வருக்கும் இரண்டு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. வெளிநாட்டவர் விடுதலைக்குப் பின் தத்தம் வழியே செல்லலாம். மொழிபெயர்த்தவரும் வண்டி ஓட்டியவரும் அதே நாட்டில், அதே அதிகாரத்தின் கீழ், அன்றாடம் உழைத்து உண்ண வேண்டியவர்கள். கூலிக்கு வாகனம் ஓட்டுபவன், தன்னை அமர்த்தியவன் பெட்டியைத் திறந்து எதை எடுத்தாலும் தடுக்கும் நிலையில் இருக்கின்றானா? ஆபத்தில் பங்கு உண்டு; முடிவில் பங்கு இல்லை. உழைப்பவனின் நிலை எங்கும் இதுவாகவே இருக்கின்றது.

அதனால், பிறநாட்டில் ஒரு விதியை மீறலாமா என்று எண்ணும் பயணி, “எனக்கு என்ன நேரும்?” என்று மட்டும் கேட்பது போதாது. “நான் போன பிறகு இங்கே இருப்பவனுக்கு என்ன நேரும்?” என்று கேட்க வேண்டும். முதற் கேள்வி புத்திசாலித்தனம். இரண்டாவது கேள்வியே ஒழுக்கம்.

★

இதற்கு மறுப்பாக நண்பர் ஒருவர் கூறினார்: “அப்படியானால் ட்ரோனையே தடைசெய்யச் சொல்கிறீரா? பொதுவெளியில் நடப்பதை எவரும் பார்க்கலாம். அழகான படங்களைக் கண்டு நாலு பேர் வந்தால் ஊருக்கு வருமானம். அதற்கும் மேலாக, அதிகாரத்தில் இருப்பவர் மறைக்க விரும்பும் காடழிப்பையும் மணற்கொள்ளையையும் அபகரிக்கப்பட்ட காணியையும் காட்டுவதற்கு இதைவிட நல்ல கருவி உண்டா?”

நண்பரின் இறுதி வாதத்தை நான் முழு மனத்தோடு ஏற்றுக்கொள்கின்றேன். முற்றான தடை பெரும்பாலும் வலியவனுக்கே உதவும். அவனிடம் வேறு கண்கள் உண்டு. எளியவனிடமிருந்த ஒரேயொரு கண்ணும் பறிபோகும். ஆகவே, யந்திரத்தைப் பகைப்பது நம் வேலையன்று. ஒரே இரைச்சல் மூதாட்டிக்கு மரண பயமாகவும் மாணவிக்கு வீட்டைக் காணும் வழியாகவும் ஆயிற்றல்லவா? அது யாருடைய கையில் இருக்கின்றது, யாரைப் பார்க்கின்றது, பார்க்கப்படுபவர் அதனை நிறுத்தச் சொல்ல முடியுமா என்பவையே தீர்மானிக்கும் கேள்விகள். வலியவனை எளியவன் பார்ப்பதும் எளியவனை வலியவன் பார்ப்பதும் ஒன்றல்ல.

பொதுவெளி என்ற வாதமும் முழுமையானதன்று. ஆற்றங்கரையில் நிற்பவர் நம்மைப் பார்த்தால் நாமும் அவரைப் பார்க்கின்றோம். முகத்தைச் சுளித்தால் அவர் கண்ணைத் திருப்பிக்கொள்வார். மனிதர் ஒருவரோடொருவர் வாழ்வதற்கு இந்தப் பரஸ்பரப் பார்வை அடிப்படையானது. மேலே நிற்கும் கமராவை நோக்கி எவரும் முகம் சுளிக்க முடியாது. வருமானம் வரும் என்பதற்காக இதனைப் பொறுத்துக்கொள் என்று ஒரு பெண்ணிடம் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

பாகன் இல்லாமலே செல்லும் வான ஊர்தியொன்றைப் புறநானூற்றுப் புலவர் ஒருவர் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மனக்கண்ணால் கண்டார். அதில் ஏறுவதற்கு அவர் வைத்த தகுதி செல்வமன்று, குலமன்று. செய்ய வேண்டிய நல்வினையைச் செய்து முடித்திருத்தலே தகுதி. இன்று அவ்வூர்தி கடையில் கிடைக்கின்றது. தகுதியைத்தான் மறந்துவிட்டோம்.

அந்த நல்வினை இங்கே எதுவாக இருக்கும்? அது கடினமானதன்று. பறக்கவிடுவதற்கு முன் கரையில் நிற்பவரிடம் சென்று, “நான் இதைப் பறக்கவிடலாமா? இப்பொழுது விடலாமா? எந்தப் பக்கம் விடலாகாது?” என்று கேட்பதுதான். கேட்டிருந்தால், கச்சான் கடை மூதாட்டி தம் பேரனோடு அப்பால் சென்றிருப்பார். அல்லது வேண்டாமென்று சொல்லியிருப்பார். மீனவர்கள், வலை வீசி முடியட்டும் என்றிருப்பார்கள். கோவிலடியில் முழுகும் நேரம் எதுவென்று எவரும் சொல்லிக் கொடுத்திருப்பர். மொழி தெரியாவிட்டால் சாரதி இருந்தார், நானும் இருந்தேன். அந்த இளைஞர் அரசாங்கத்திடம் பல கடிதங்கள் வாங்கியவர். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டுமென்று எந்தக் கடிதமும் அவருக்குச் சொல்லவில்லை.

இதனைப் பயணியின் நற்குணத்துக்கு மட்டும் விட்டுவிடவும் முடியாது. விதி எழுதுவோரே இதையும் எழுத வேண்டும். குளிக்கும் துறை, வழிபாட்டிடம், பாடசாலை, யுத்தத்தில் இழந்தவர்கள் வாழும் குடியிருப்பு ஆகியவற்றின் மேலே பறப்பதற்கு உள்ளூராட்சி மன்றத்தினதும் அவ்விடத்து மக்களின் சங்கங்களினதும் சம்மதம் தேவை என்று ஒரு விதி செய்வதால் நாட்டின் பாதுகாப்புக்கு என்ன குறை வந்துவிடும்? வாகனம் ஓட்டியவனைப் பயணியின் செயலுக்குப் பொறுப்பாளியாக்கலாகாது என்று ஒரு வரி சேர்ப்பதால் எந்த இறைமை குன்றிவிடும்?

இனி, மாணவிக்கு என் விடை.

பிள்ளை, பலாலிப் பக்கம் அந்த யந்திரத்தைத் திருப்ப வேண்டாமென்று நான் சொன்னது சரி. விமானம் இறங்கும் வானத்தில் அதனை விடுவது பிழை. அது உனக்கும் எனக்கும் அந்த வெளிநாட்டவருக்கும் ஒரேமாதிரியான விதி. ஆனால், “சத்தம் போடாதே” என்று சொன்னது சரியன்று. வானத்துக்கான விதி நியாயமானது. உன் அம்மம்மாவின் வளவு இன்றும் உங்கள் கைக்கு வராதிருப்பது அந்த விதியினால் அன்று. இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பி, ஒன்றின் நியாயத்தைக் காட்டி மற்றதன் அநியாயத்தை மூடுவதற்கு நாம் இடங்கொடுக்கக் கூடாது. செய்மதிப் படத்தில் உலகத்தின் எந்த மூலையில் உள்ளவனும் அந்தக் கூரையை இன்று கைத்தொலைபேசியில் பார்க்கலாம். நீயும் பார்க்கலாம். உனக்குரியது அந்தப் பார்வையன்று. படலையைத் திறந்து உள்ளே நடந்து செல்லும் உரிமை. அதைக் கேட்பதற்கு யந்திரம் வேண்டாம். அனுமதிக் கடிதமும் வேண்டாம். குரல் வேண்டும்.

அன்று உன் குரலைத் தாழ்த்தச் சொன்னவன் உன் ஆசிரியன். அதற்காக அவன் வெட்கப்படுகின்றான்.